கொட்டகைக்கு வந்த பணம்

மார்ச் இருபத்தொன்பது, மாலை ஐந்தேகாலுக்குக்
கணக்கில் ஏறியது பணம்.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே திரும்பிவிடுமாம்.
இரண்டு நாளில் ஒரு ஊரை வளர்ப்பது எப்படியென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

கோரைமேடு ஊராட்சி, குறிஞ்சிப்பாடி ஒன்றியம்.
நான் செயலர்.
பெயர் தில்லைநாயகி. அது யாருக்கும் தேவைப்படுவதில்லை,
கையெழுத்தும் முத்திரையும் போதும்.

எங்களுக்கு வேண்டியது ஒரு சிறுபாலம்.
பரவனாற்றுக்குப் போகும் வாய்க்காலில்
தானே புயலில் சாய்ந்த சிமெண்டுக் கம்பம் ஒன்று
குறுக்கே கிடக்கிறது.
காலனிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
அதன்மேல்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.
ஏழு கிராமசபை, ஏழு தீர்மானம்.
ஏழையும் நான்தான் எழுதினேன்.
ஏழாவதில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

வந்தது பாலத்துக்கு இல்லை.
குப்பை தரம்பிரிக்கும் கொட்டகைக்கு.
நீளம் முப்பது அடி, அகலம் பதினைந்து,
சுவருக்கு இன்ன பச்சை, எழுத்துக்கு இன்ன உயரம்,
மக்குவதற்கு ஒரு தொட்டி, மக்காததற்கு ஒன்று.
மாதிரிப் படமும் இணைத்திருந்தார்கள்.
படத்தில் ஓரமாய் ஒரு தென்னை.
"தென்னையும் வைக்கணுமா?" என்றார் தலைவர் அஞ்சலாட்சி.
சிரிக்காமல்தான் கேட்டார்.

கொட்டகைக்குப் பணம் உண்டு.
பிரிப்பவளுக்குக் கூலி
"ஊராட்சியின் சொந்த நிதியிலிருந்து."
சொந்த நிதி என்றால்
வீட்டுவரி, பாதித் தெரு பாக்கி.
குளத்து மீன் ஏலம், போன வருஷம் குளமே இல்லை.
குடிநீர்க் கட்டணம், தண்ணீர் வந்த மாதங்களுக்கு மட்டும்.
நிதிக்குழு மானியமோ
முதலில் மின்வாரியத்தைப் பார்த்துவிட்டுத்தான்
எங்கள் பக்கம் திரும்பும்.
அதற்குள் அதன் கை வெறுங்கை.

சிங்காரம்மாளுக்கு மூன்று மாதக் கூலி நிற்கிறது.
வாய்விட்டுக் கேட்டதில்லை.
துடைப்பத்தை மட்டும் அலுவலக வாசலில்
கொஞ்சம் சத்தமாகச் சாத்துவாள்.

முப்பத்தொன்றாம் தேதி ரசீது எழுதினோம்,
சித்திரையில் சுவர் எழுப்பினோம்.
வழக்கில்லாத புறம்போக்கு
சுடுகாட்டுப் பாதை மேட்டில்தான் இருந்தது.
அங்கே போய் யார் குப்பை கொட்டுவார்கள் என்று
பட்டுசாமி மேஸ்திரி கேட்டார்.
பூச்சு காயட்டும் என்றேன்.

கார்த்திகையில் ஏரியைத் திறந்தார்கள்.
இரவு பதினொன்றுக்குத் தகவல் வந்தது,
தண்ணீர் பத்தரைக்கே வந்துவிட்டது.
கம்பம் போன இடம் தெரியவில்லை.
காலனியிலிருந்து பத்தொன்பது குடும்பம்
இடுப்பளவு நீரில் நடந்து கொட்டகை ஏறியது.
மக்கும் தொட்டியில் அரிசி மூட்டைகள்.
மக்காத தொட்டியில் காய்ந்த துணி விரித்து
பிறந்து பதினாறு நாளான ஒரு பெண் குழந்தை.
சிங்காரம்மாள் வாசலில் நின்றுகொண்டு
ஆடுகளை இடப்பக்கம், ஆட்களை வலப்பக்கம் அனுப்பினாள்.
அந்தக் கட்டடத்தில் தரம்பிரித்தல் நடந்தது
அன்று ஒரு நாள்தான்.

மாதக் கடைசி.
செயலியில் படம் ஏற்றச் சொல்லி மூன்று நினைவூட்டல்.
இருந்ததை இருந்தபடி எடுத்து
அட்சரேகை தீர்க்கரேகையோடு ஏற்றினேன்.
மறுநாள் பதில்:

"படம் ஏற்கப்படவில்லை.
கழிவுகள் இருக்க வேண்டிய இடத்தில்
நபர்கள் காணப்படுகின்றனர்.
விளக்கம் அளிக்கவும்."

பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி
என்று தொடங்கினேன்.
அதற்குமேல் பேனா நகரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, வடிந்த சேற்றில்
ஆறேழு பேர் தோள்மாற்றித் தோள்மாற்றி
வேறொரு கம்பத்தைத் தூக்கிப் போனார்கள்.
இந்த மழைக்குச் சாய்ந்தது போலிருக்கிறது.
அதன் இடுப்பில் மின்வாரியத்து எண்
இன்னும் அழியவில்லை.

எழுந்து போய்
அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.
கேட்பார்கள்.